மேலே நின்றவன்

கழிவுநீர்க் குழாய்க்குப் பம்பு தேவையில்லை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொட்டினால் போய்விடும், அவ்வளவுதான். உண்மையில் அது போக வேண்டுமென்றால் சரிவு வேண்டும். 6 அங்குலக் குழாய் என்றால் 150, 170 அடிக்கு ஒரு அடியாவது இறங்க வேண்டும். நொடிக்கு 60 சென்டிமீட்டர் வேகமாவது இல்லாவிட்டால் தண்ணீர் மட்டும் முன்னால் போகும், கனமானதெல்லாம் அடியில் தங்கிக் கெட்டியாகிவிடும். மேட்டுப் பாங்கான ஊரில் தெருவே இறங்கும், குழாயும் கூடவே இறங்கும். சென்னை மாதிரியான கடற்கரைச் சமவெளியில் தெரு இறங்காது, குழாய் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சின்னக் குழாய் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 6 மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். பெரிய குழாய்களுக்குச் சரிவு குறைவாகப் போதும் என்றாலும் கணக்கு எங்கேயோ ஓரிடத்தில் முட்டும். அதற்குக் கீழே தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் வந்து பள்ளத்தை நிரப்பும், பக்கத்துக் கட்டடம் விரிசல் விடும். அந்த இடத்தில் ஒரு கிணறு வெட்டி, வந்து சேர்வதையெல்லாம் அதில் விழவிட்டு, பம்பு வைத்து மேலே தூக்கி, அடுத்த குழாய்க்கு அனுப்புவார்கள். இதுதான் கழிவுநீர் உந்து நிலையம். அங்கிருந்து இன்னொரு நிலையத்துக்கு, அங்கிருந்து கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ என்று, வீட்டிலிருந்து கிளம்பியது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று முறை தூக்கிவிடப்பட்டிருக்கும்.

லண்டனில் 1865இல் கிராஸ்நெஸ் என்ற இடத்தில் இப்படியொரு நிலையத்தைத் திறந்தபோது இளவரசரே வந்தார். உள்ளே தேவாலயம்போல வார்ப்பிரும்பில் பூவேலை. நான்கு நீராவி எந்திரங்களுக்கும் அரச குடும்பத்தார் பெயர். நம் ஊரில் உந்து நிலையம் என்பது முள்கம்பி போட்ட காம்பவுண்டு சுவர், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு வேப்பமரம். பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பெயர் வைத்திருந்தாலும் மக்கள் வேறு பெயர்தான் சொல்வார்கள்.

அப்படியொரு நிலையத்தில் ஒப்பந்தக்காரரின் ஆளாக இரண்டு வருஷம் இருந்தேன். சென்னைக்குப் பக்கத்து ஊர், பெயர் வேண்டாம். எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தது. பம்புகள், பேனல் போர்டு, ஜெனரேட்டர் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2009 நவம்பரில் ஒரு ராத்திரி அங்கே நடந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதில் யாரும் சாகவில்லை. சாகாததால்தான் எழுதுவது சிரமமாக இருக்கிறது.

முதலில் அந்த நிலையத்தின் உள்ளமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தெருக் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு ஆழமான தொட்டி. அதில் குறுக்கே கம்பிகளாலான சல்லடை, ஸ்கிரீன் என்போம். துணி, பிளாஸ்டிக், கட்டை போன்றவை பம்புக்குள் போய்ச் சிக்காமல் அது தடுக்கும். ஸ்கிரீனைத் தாண்டிய தண்ணீர் கிணற்றில் சேரும். கிணற்றில் மட்டம் ஏறினால் மிதவை மேலே வந்து பம்பை ஓடவைக்கும், இறங்கினால் நிறுத்தும். பம்பிலிருந்து மேலே போகும் குழாயில் ஒரு ரிஃப்ளக்ஸ் வால்வு. தூக்கிவிட்டது திரும்பி வராமலிருக்க.

இந்த அமைப்பில் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. இரண்டு பம்பு ஓடினால் மூன்றாவது சும்மா நிற்கும், ஒன்று கெட்டால் ஓடுவதற்கு. கரண்ட் போனால் ஜெனரேட்டர். எதுவுமே வேலை செய்யாவிட்டால் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிட ஒரு வழிகூட உண்டு. அது வேறு பாவம். எது எப்போது கெடும் என்று முன்கூட்டியே யோசித்து வரைந்த வரைபடம் அது. ஆனால் ஸ்கிரீனைப் பற்றிப் பராமரிப்புக் கையேட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஸ்கிரீன் அவ்வப்போது சுத்தம் செய்யப்பட வேண்டும் என்று பொருள்படும் ஆங்கில வரி. செயப்பாட்டு வினை எவ்வளவு வசதியானது என்று எனக்கு அந்த வயதில் தெரியாது. செய்கிறவன் அந்த வாக்கியத்துக்குள் இல்லவே இல்லை.

மேலே நின்றபடி நீளமான வாரியால் வாரி எடுக்கலாம். சாதாரண நாளில் அது போதும். மழை நாளில் போதாது. தெருவில் மழைநீர் தேங்கினால் மக்கள் என்ன செய்வார்கள்? சாக்கடை மூடியைத் தூக்கிவிடுவார்கள். மழைநீருக்கு வேறு வடிகால், கழிவுநீருக்கு வேறு குழாய் என்பது இரண்டு அலுவலகங்களுக்குத் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது. தெருவில் கிடந்ததெல்லாம் அந்த ஓட்டை வழியாக எங்களிடம் வந்து சேரும்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போன் மேல் போன். மூன்று தெருக்களில் மூடி வழியாகப் பொங்குகிறது, ஒரு வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தால் பம்புகள் நின்றிருந்தன. எதுவும் கெடவில்லை. கிணறு காலி, அதனால் மிதவை நிறுத்தியிருந்தது. ஊர் நிறைந்து வழிகிறது, கிணறு காலியாக இருக்கிறது என்றால் அர்த்தம் ஒன்றுதான்: ஸ்கிரீன் முழுவதுமாக அடைத்துக்கொண்டுவிட்டது. அதைத் தானாக வாருகிற எந்திரம் ஒன்று அங்கே உண்டு. மோட்டார் எரிந்து மாதக் கணக்காகி, காகிதம் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது. தொட்டிக்குள் வரும் தண்ணீரை நிறுத்த ஒரு மதகுப் பலகை உண்டு. அதன் திருகாணி துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது.

என்னோடு இருவர் இருந்தார்கள். ஒருவன் எலெக்ட்ரீசியன் பையன், இருபது வயதிருக்கும். இன்னொருவர் அங்கே தினக்கூலியாக இருந்த பெரியவர். பெரியவர் என்று இன்று எழுதுகிறேன், அப்போது அவருக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைச் சார் என்பார். எனக்கு வயது இருபத்து மூன்று.

வாரியை வைத்து இருவரும் ஒரு மணி நேரம் போராடினோம். ஏதோ பெரிதாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அசையவில்லை. டார்ச்சை அடித்துப் பார்க்க அந்தப் பையன் தொட்டியின் விளிம்பில் ஏணிப் பக்கம் குனிந்தான். நான் கத்தினேன். "டேய், கிட்டப் போவாத! உள்ள கேஸ் இருக்கும்டா! தள்ளி வா!" அவன் திடுக்கிட்டுப் பின்னால் வந்தான்.

ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பற்றி டிப்ளமாவிலேயே படித்திருந்தேன். அழுகிய முட்டை வாடை. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரிந்துவிடும். நூறு பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது, இனிப் பயமில்லை என்று தோன்றும் கணம்தான் மோசமான கணம். ஐந்நூறு, எழுநூறு என்று ஏறினால் ஆள் சட்டென்று சரிந்துவிடுவான். காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தங்கும். சேற்றில் கரைந்திருப்பது கால் வைத்துக் கிளறியதும் குபுக்கென்று கிளம்பும். அதனால் மேலிருந்து தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்ப்பது, விளக்கைக் கட்டி இறக்குவது போன்ற பழைய சோதனைகளால் பயனில்லை. விழுந்தவனைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும், அவனைத் தூக்க இறங்குகிற மூன்றாவது ஆளும் செத்த செய்திகளை எல்லோரும் படித்திருப்போம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கத்தினேன்.

அரை மணி நேரம் கழிந்தது. மறுபடியும் போன். கூடத்துக்குள் தண்ணீர் வந்த வீட்டுக்காரர் அழுகிற குரலில் பேசினார். ஒப்பந்தக்காரர் பேசினார், அவர் குரலில் அழுகை இல்லை. போனை வைத்தேன். பெரியவர் சட்டையைக் கழற்றி வேப்பமரக் கிளையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எறங்கிடறேன் சார். வேற வழியில்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதைத்தான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் இறங்கு என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டினார், ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். கால் மணி நேரத்தில் மேலே வந்தார். அவரோடு வந்தது ஒரு வடம். பழைய நைட்டி, டயாப்பர்கள், பால் கவர்கள், தேங்காய் நார் எல்லாம் சேர்ந்து மனிதன் திரித்ததுபோலத் திரிந்திருந்தது. தடை நீங்கியதும் பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் முழுதும் ஒரே பாய்ச்சலாகக் கிணற்றில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் அதற்குள் ஏணியில் ஏறியிருந்தார். பம்பு ஓடியது. தெருக்கள் வடிந்தன. ஒப்பந்தக்காரர் மறுநாள் அவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்கச் சொன்னார். எனக்கு, நிலைமையைச் சமாளித்ததற்காக, ஒரு பாராட்டு.

நான் செய்தது தவறா? வருஷக்கணக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்களைச் சொல்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது முதல் பதில். தத்துவத்தில் இதற்கு ஒரு விவாதமே உண்டு. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு என்ன இடம் என்று எழுதினார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவனுக்குக் குறுக்கே குழந்தை வருகிறது, இன்னொருவனுக்கு வரவில்லை. முதலாமவன் வாழ்நாள் முழுவதும் கொலைகாரன், இரண்டாமவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். இருவரும் செய்தது ஒன்றுதானே என்று கேட்டால் ஒப்புக்கொள்கிறோம், ஆனால் ஒரே மாதிரி நடத்த மாட்டோம். நான் அந்த இரண்டாமவன். தூங்கவும் தூங்கினேன்.

அவராகவே சொன்னார் என்பது இரண்டாவது பதில். இதை நான் நெடுநாள் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராமல் அவர் காப்பாற்றினார் என்று. நான் சொல்ல வேண்டிய கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். சார் வாயால் சொல்லவைப்பது சாருக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்தைக்கூட அவரே தூக்கிக்கொண்டார். இதைச் சம்மதம் என்று எழுதினால் ஆவணத்தில் நன்றாக இருக்கும். எத்தனை தலைமுறை பழக்கினால் ஒரு மனிதருக்கு அந்த மரியாதை கைவரும் என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அங்கே தினக்கூலிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே காலனியிலிருந்து வந்தார்கள். பையனும் நானும் வேறு தெருக்காரர்கள். கத்தும்போது நான் சாதி பார்த்துக் கத்தவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் ஒருவனுக்கு என் வாய் தானாகத் திறந்தது, இன்னொருவருக்குத் தானாக மூடிக்கொண்டது.

அவசரம் என்பது மூன்றாவது பதில். இதைத்தான் கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேறு வழியே இல்லையா? இருந்தது. பக்கத்து ஊரிலிருந்து உறிஞ்சும் லாரியை வரவழைத்து, தேங்கிய தண்ணீரை எடுத்து, காற்று ஊதும் எந்திரம் வைத்து, விடிந்த பிறகு செயின் பிளாக் கட்டி அந்த வடத்தை மேலே இழுத்திருக்கலாம். ஆறு அல்லது எட்டு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த எட்டு மணி நேரமும் மூன்று தெருவில் சாக்கடை நின்றிருக்கும், ஒரு கூடத்தில் கணுக்கால் அளவு இருந்திருக்கும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் அன்று தராசில் ஒரு பக்கம் இருந்தது எட்டு மணி நேர நாற்றம், இன்னொரு பக்கம் ஒரு ஆள். நான் தராசையே எடுக்கவில்லை.

சின்ன வயதில் கேட்ட மனுநீதிச் சோழன் கதையைத் திரும்பப் படித்தது இந்த யோசனையில்தான். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று விழுந்து செத்துப்போகிறது. அவன் வேண்டுமென்று ஏற்றவில்லை, கன்று துள்ளி ஓடிவந்து விழுந்தது. மந்திரிகள் இதற்குப் பிராயச்சித்தம் உண்டு என்கிறார்கள். பெரியபுராணத்து அரசன் ஒத்துக்கொள்ளவில்லை: வேறொருவன் கொன்றால் தண்டிப்பேன், என் மகன் கொன்றால் பரிகாரம் தேடுவேனா என்கிறான். எனக்கு இப்போது உறைப்பது இன்னொரு இடம். மகன்மேல் தேரை ஏற்றும்படி அரசன் ஒரு மந்திரியை ஏவுகிறான். அந்த மந்திரி அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை விடுகிறான். பிறகுதான் அரசன் தானே தேர் ஏறுகிறான். இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் மந்திரியையும் எழுப்புவதாகக் கதை முடிகிறது. கதை சொல்கிறவர்கள் மணியடித்த பசுவைச் சொல்வார்கள், மகனைச் சொல்வார்கள். நடுவில் போன மந்திரியை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள். நீதி வழங்குவதிலும் இடையில் ஏவப்பட்ட ஒருவன்தான் முதலில் போகிறான்.

கன்று விழுந்ததையாவது விபத்து என்று சொல்லலாம். அதே வீதியில், அதே தேரில், வருஷாவருஷம் அதே கொட்டிலின் கன்றுகளே விழுந்துகொண்டிருந்தால் அரசன் அதை என்ன பெயரிட்டு அழைத்திருப்பான்? நாம் விஷவாயு தாக்கி என்று எழுதுகிறோம். வாயுவை எழுவாயாக்கிவிட்டால் மீதிப் பேர் எல்லாம் வாக்கியத்துக்கு வெளியே போய்விடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். 1993இன் சட்டம் உலர் கழிப்பிடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பாதாளச் சாக்கடையில் இறங்குவதை அது நேராகப் பேசவில்லை. 2013இன் சட்டம் பேசுகிறது. சாக்கடையையோ செப்டிக் டேங்க்கையோ அபாயகரமாகச் சுத்தம் செய்ய யாரையும் நேராகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது, மீறினால் முதல் முறை இரண்டாண்டுவரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் அபாயகரமான சுத்தம் என்பதற்கு அது தரும் விளக்கம், பாதுகாப்புக் கருவிகள் கொடுக்காமல், முன்னெச்சரிக்கைகள் எடுக்காமல் கையால் செய்வது. கையுறையும் முகமூடியும் கொடுத்ததாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் புகுந்து போகிற அளவுக்கு அதில் சந்து இருக்கிறது. 1993இலிருந்து சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. தேவையான உத்தரவு, குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அது செத்தவர்களுக்கான கணக்கு. செத்திருக்கக்கூடியவர்களை இறக்கியவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டோம். என்னைப் போன்றவர்களின் எண்ணிக்கை எவ்வளவோ மடங்கு அதிகம்.

இப்போது அடைப்பெடுக்க ரோபோ வந்துவிட்டது. கேரளத்துப் பிள்ளைகள் உருவாக்கிய பாண்டிகூட் 2018இலிருந்து வேலை செய்கிறது. 2023 மத்திய பட்ஜெட்டில் மனிதன் இறங்கும் குழியை எந்திரம் இறங்கும் குழியாக்குவோம் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் எந்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு. எங்கள் நிலையத்திலும் எந்திரம் இருந்தது. எரிந்துபோயிருந்தது. அது சரியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற தைரியம் எல்லோருக்கும் இருந்தது, ஏனென்றால் அந்தப் பெரியவர் இருந்தார். அவர் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் மேஜை மேஜையாகப் போன காகிதம் ஒரே வாரத்தில் கையெழுத்தாகியிருக்கும். வரைபடத்தில் எழுதாத மாற்று அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அடுக்ககத்தில் சாக்கடை அடைத்தது. நான் அப்போது சங்கச் செயலாளர். பிளம்பர் ஒரு ஆளைக் கூட்டிவந்தார், "அரை மணி வேலை சார்" என்றார். முடியாது, லாரிதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். லாரி மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. தரைத்தளத்தில் எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர். முந்நூறு அடி தள்ளியிருந்த உறவினர் வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மகள் என்னைப் பார்த்து, "உங்க கொள்கைக்கு எங்கம்மா கஷ்டப்படணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கூடப் போனேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் பெரியவரைத் தேடிப் போனேன். அந்த நிலையத்துக்கு எதிர்த்தாற்போல ஒரு டீக்கடையில் இருந்தார். இப்போது நிஜமாகவே பெரியவர், ஒரு கண்ணில் புரை. விஷயத்தை ஒருமாதிரி திக்கித் திணறிச் சொன்னேன். அந்த ராத்திரி, மழை, கயிறு, நான் பேசாமல் நின்றது.

"எந்த நாளு சார்?" என்றார். "மழன்னா தெனிக்கும்தான் எறங்குவோம். எத்தினி தபா எறங்கியிருப்பேன், இன்னான்னு சொல்றது?"

நான் நைட்டி சுற்றிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். எத்தனையோ நைட்டி என்றார். எலெக்ட்ரீசியன் பையன் குனிந்ததைச் சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது.

"ஆமா, அவன நீங்க கத்தினீங்க. கிட்டப் போவாதன்னு. அது ஞாபகம் இருக்குது."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"நீங்க கத்தினதுலதான் சரி, உள்ள கேஸ் சாஸ்தியா இருக்குது போலன்னு நெனச்சேன். எல்லா மூடியயும் தொறந்து வுட்டுட்டு, அர மணி நேரம் சும்மா குந்திக்கினு இருந்துட்டு, அப்பாலதான் எறங்கினேன்."

அந்த அரை மணி நேரம் அவர் எங்கே இருந்தார் என்று எனக்கு நினைவில்லை. நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். டீக்குக் காசு கொடுக்க எழுந்தேன். கடைக்காரர் வாங்கவில்லை, அவர் கணக்கில் எழுதிக்கொண்டார்.